விப்பிள் மூன்று முறை பிறந்த கதை

எலும்பு முறிந்தால் புத்தூர், வயிற்றில் கட்டி என்றால் வேலூர். சித்தூர்ப் பக்கத்து மருத்துவ வரைபடம் வெகுகாலம் இவ்வளவுதான். 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் தனி மாவட்டமானது. நோயாளிகள் மட்டும் பிரியவில்லை. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் சி.எம்.சி. இன்றைக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவர் எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. 1993-ல் திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவோடு ஸ்விம்ஸ் மருத்துவமனை இயங்கத் தொடங்கியபின் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிற்பாடு சி.எம்.சி.யே குடிபாலா மண்டலத்தில் ஒரு கிளை வளாகம் போட்டது. தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் இந்த ஊர்களில், இரண்டு மொழியிலும் மாற்றமில்லாமல் ஒலிக்கும் சொற்களில் ஒன்று ‘விப்பிள்’. வீட்டில் ஒருவருக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று தெரிந்த அன்று அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடும்.

அநேகமாக அது கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும். வலி இருக்காது. வலி இல்லாததாலேயே யாரும் பதறமாட்டார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி, அதுவும் கேட்காவிட்டால் பக்கத்துக் கிராமத்தில் பசரு மருந்து என்ற பச்சிலைச் சாறு, பத்தியம், மோர்ச்சோறு என்று மூன்று நான்கு வாரம் ஓடிவிடும். கல்லீரல் அழற்சியால் வரும் காமாலை பல பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். பேர் மருந்துக்குப் போகும். பித்தநாளத்தைக் கட்டி அடைத்து வரும் காமாலை இறங்காது, நாளுக்கு நாள் ஏறும். எடை குறைந்து, மலம் வெளுத்து, தோல் கறுத்த மஞ்சளாகி ஸ்கேனுக்குப் போகும்போது டாக்டர் சொல்வார்: விப்பிள் பண்ணணும்.

அடுத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் ஒன்றுதான்: “சார், வயித்தக் கிழிச்சுப் பண்ணுவீங்களா, ஓட்டை போட்டா, இல்ல ரோபோலயா?” நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஆபரேஷன் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் அதைவிட நல்ல கேள்வி ஒன்று கிடைக்கும்.

கணையம் இருக்கிற இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே படுத்திருக்கும். அதன் தலையைச் சிறுகுடலின் முதல் வளைவு அணைத்துப் பிடித்திருக்கும். கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் அந்தத் தலைக்குள் புகுந்துதான் குடலில் திறக்கிறது. குடலின் ரத்தத்தையெல்லாம் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை கணையத்தின் கழுத்துக்கு நேர் பின்னால், ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆகவே தலையில் வந்த கட்டியை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பல சமயம் இரைப்பையில் ஒரு துண்டு, எல்லாம் ஒரே பிண்டமாக வெளியே வரவேண்டும். வந்தபின் மூன்று இணைப்பு: மீந்த கணையத்தைக் குடலோடு, பித்தநாளத்தைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு. வெட்டுவதற்கு ஆகும் நேரத்துக்குக் குறையாமல் தைப்பதற்கும் ஆகும்.

இதை முதலில் துணிந்தவர் இத்தாலியின் இமோலாவில் வேலை பார்த்த அலெஸ்ஸாண்ட்ரோ கோடிவில்லா. 1898-ல் செய்தார், நோயாளி சில வாரங்களில் இறந்தார். 1909-ல் பெர்லினில் வால்தர் கௌஷ் இரண்டு கட்டமாகச் செய்து பார்த்தார். முதல் கட்டத்தில் தேங்கிய பித்தத்துக்கு மாற்று வழி. காமாலை இறங்கியபின் இரண்டாவதில் கட்டி. அந்த நோயாளி மாதக்கணக்கில் பிழைத்திருந்தார். ஆனால் ஆபரேஷனுக்குப் பேர் கௌஷின் பெயரில் வரவில்லை. ஜெர்மானியர்கள் மட்டும் இன்றைக்கும் விடாமல் ‘கௌஷ்-விப்பிள்’ என்று எழுதுகிறார்கள்.

ஆலன் ஓல்ட்ஃபாதர் விப்பிள் பாரசீகத்தின் உர்மியாவில் 1881-ல் பிறந்த மிஷனரி பிள்ளை. ஐடா ஸ்கடரும் அதே ஜாதிப் பிள்ளைதான், இவர் ராணிப்பேட்டையில், அவர் உர்மியாவில். நியூயார்க்கின் கொலம்பியா பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் விப்பிள் தலைமை அறுவை நிபுணராக இருந்தபோது, பார்சன்ஸ், மல்லின்ஸ் என்ற இரு சகாக்களோடு 1935-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்றே மூன்று நோயாளிகள். முதலாமவர் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஏன் என்று பார்த்தபோது கிடைத்த விடைதான் இந்தக் கதையின் சாரம்: தையல் விட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்தில் குடலைத் தைக்கக் கேட்கட் என்ற நூல், ஆட்டுக்குடலிலிருந்து எடுத்தது. கணையச்சாறு இறைச்சியைச் செரிக்கவே பிறந்த சாறு. ஆட்டுக்குடல் நூலை விட்டுவைக்குமா? தைத்த நூலையே செரித்துவிட்டது.

அடுத்த இருவருக்குப் பட்டு நூல் போட்டார்கள். பட்டும் புரதம்தான், ஆனால் அந்தச் சாற்றுக்கு எளிதில் மசியாத புரதம். இருவரும் ஆபரேஷனைத் தாண்டினார்கள். ஒருவர் ஏறத்தாழ இரண்டாண்டு இருந்தார். பலமனேர், குப்பம் பக்கம் மல்பெரி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது எனக்கு இது நினைவுக்கு வருவதுண்டு. சேலைக்குப் போகிற அதே நூல் ஒரு காலத்தில் கணைய ஆபரேஷனையும் காப்பாற்றியிருக்கிறது. இப்போது தியேட்டரில் இருப்பது செயற்கை இழைகள். சில உடம்பிலேயே தங்கும், சில மாதங்கள் கழித்து மெதுவாகக் கரையும்.

அப்போதும் விப்பிள் இரண்டு கட்டமாகத்தான் செய்தார். காரணம் ரத்தம். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்து உடம்புக்குள் வரும் வைட்டமின் கே வராது. அது இல்லாவிட்டால் கல்லீரல் ரத்தம் உறையவைக்கும் பொருள்களைச் செய்யாது. காமாலைக்காரரை நேராகத் திறந்தால் எங்கே தொட்டாலும் ரத்தம் கசியும். 1930-களில் ஹென்ரிக் டாம், எட்வர்ட் டாய்சி இருவரின் உழைப்பில் வைட்டமின் கே கைக்கு வந்தது. 1943-ல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது.

ஒற்றைக் கட்ட விப்பிள் பிறந்ததே ஒரு தற்செயல். 1940 மார்ச்சில் வெளிநாட்டு விருந்தாளிகள் தியேட்டரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இரைப்பையில் புற்று என்று நினைத்து ஒரு நோயாளியைத் திறந்தார் விப்பிள். கட்டி கணையத்தின் தலையில் இருந்தது. காமாலை இல்லாத நோயாளி. ரத்தம் உறைவதில் சிக்கலில்லை. விருந்தாளிகள் முன்னால் மூடிவிட்டு வர மனமில்லையோ என்னவோ, ஒரே மூச்சில் முழுவதையும் செய்து முடித்தார். அந்த நோயாளி ஒன்பது ஆண்டு வாழ்ந்தார். இத்தனைக்கும், தன் பெயர் தாங்கிய இந்த ஆபரேஷனை விப்பிள் வாழ்நாளில் செய்தது 37 முறைதான். இன்று ஒரு பெரிய மையம் ஒரே ஆண்டில் இதைத் தாண்டிவிடும்.

முதல் பிறப்பு இது, திறந்த வயிற்றில். பிறந்த குழந்தை வெகுநாள் நோஞ்சானாகவே இருந்தது. 1960-70களில் பல இடங்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் வீடு திரும்பவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் 1970-ல், கணையப் புற்றுக்கு இதைக் கைவிட்டு எளிய மாற்றுவழி இணைப்போடு நிறுத்திக்கொள்வதே மேல் என்று எழுதினார். அப்போதைய கணக்கில் அவர் சொன்னது தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பொய்யாக்கியது புதுக் கருவி எதுவும் இல்லை. ஒரே இடத்தில், அதே கைகள், திரும்பத் திரும்பச் செய்ததுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரன் குழு 1993-ல் ஒரு மரணமும் இல்லாமல் வரிசையாக 145 விப்பிள் செய்ததாக வெளியிட்டது. 2002-ல் அமெரிக்க முதியோர் காப்பீட்டுக் கணக்கை அலசியபோது, கணைய ஆபரேஷன் மிக அபூர்வமாக நடக்கும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்திருந்தார்கள். மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 4 பேருக்கும் குறைவு. நம் பக்கம் 1970-களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பேராசிரியர் ரங்கபாஷ்யம் வயிறு-குடல் அறுவைக்கென்று தனித் துறையை வளர்த்ததும் இதே தர்க்கம்தான்: பொது சர்ஜன் ஆண்டுக்கு ஒன்று செய்வதைவிட, அதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் அனுப்பு.

இந்த ஆபரேஷனின் உயிர் ஒரு சென்டிமீட்டர் அளவு இடத்தில் இருக்கிறது. கணையத்தின் கழுத்தை வெட்டியபின் தெரியும் அந்த முகத்தில், நடுவே குண்டூசித் தலை அளவில் ஒரு வாய், கணைய நாளம். சிலருக்கு 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் குடலில் போட்ட சின்னத் துளையோடு பொருத்தி, சுற்றிலும் முடியளவு நூலால் தைக்கவேண்டும். கணையம் மெத்தென்று இருந்தால், சூடு ஆறாத அல்வாவில் முடிச்சுப் போடுவது போலத்தான். கொஞ்சம் இழுத்தால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். நாள்பட்ட அழற்சியால் இறுகிப்போன கணையம் தையலை நன்றாகத் தாங்கும். தென்னிந்தியாவில், முக்கியமாகக் கேரளத்தில், குடிப்பழக்கமே இல்லாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் கட்டும் ஒரு நோய் உண்டு. மருத்துவர் கீவர்கீஸ் உலகுக்கு விரிவாக எழுதிக் காட்டியது. அவர்களின் கல்லான கணையம் சர்ஜனின் தையலுக்கு மட்டும் நல்லது. நோயாளிக்கு அது கொடுத்த வலி வேறு கதை.

தையல் நன்றாயிருக்கிறதா என்று மூன்றாம் நாள் தெரியும். வயிற்றிலிருந்து வெளியே விட்டிருக்கும் டிரெய்ன் குழாயின் பையில் சேர்ந்த நீரைக் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அதில் அமைலேஸ் என்ற செரிமானப் பொருள், ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையச்சாறு கசிகிறது என்று அர்த்தம். பல பேருக்கு அந்த எண்ணோடு நின்றுவிடும், தானே அடைபடும். சிலருக்குக் காய்ச்சல் வரும். இன்னும் சிலருக்கு, கசிந்த சாறு பக்கத்து ரத்தக்குழாயின் சுவரைச் செரித்துவிடும். பத்தாம் நாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் இட்லி வாங்கப் போன நேரத்தில், பையில் திடீரென்று சிவப்பு. வார்டில் அட்டெண்டர்களாக இருக்கும் பெண்களுக்கு இந்தப் பையின் நிற சாஸ்திரம் நாலே நாளில் அத்துபடி. “அக்கா, இன்னைக்கு எப்படி இருக்கு?” “தெளிவா இருக்கும்மா, நேத்தவிட கம்மி.” ஆள் எப்படி இருக்கிறார் என்பதை அவர்கள் விசாரித்துக்கொள்வதே இப்படித்தான்.

இரண்டாவது பிறப்பு மாண்ட்ரியாலில். மிஷேல் கானியே 1992-ல் துளைகள் வழியே விப்பிள் செய்து, 1994-ல் வெளியிட்டார். பித்தப்பையைத் துளை வழியே எடுப்பது அப்போது உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்தது. வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி உப்பவைத்து, கேமராவும் நீளக் குச்சிக் கருவிகளும் விட்டுச் செய்வது. பித்தப்பையை வெட்டி எடுத்தால் வேலை முடிந்தது. விப்பிளில் மூன்று இணைப்பு தைக்க வேண்டும். குச்சியின் முனை மணிக்கட்டு போல வளையாது; கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும்; திரையில் ஆழம் தெரியாது. கானியேவே 1997-ல் பத்து நோயாளிகளின் அனுபவத்தை எழுதும்போது நாலு பேருக்கு வயிற்றைத் திறக்க நேர்ந்ததையும், பெரிய லாபம் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பலரும் அத்தோடு விட்டுவிட்டார்கள்.

விடாதவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் இருந்தார். ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு 1998-ல் துளைவழி விப்பிளைத் தொடங்கினார். மேலைநாட்டுப் பெரிய மையங்கள் பல தயங்கிய நேரத்தில், 2007-ல் 42 நோயாளிகளின் கணக்கை அமெரிக்க அறுவை இதழில் வெளியிட்டார். பிறகு அவர் குழுவே, திறந்தது மேலா துளை மேலா என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிடும் ஆய்வையும் நடத்தியது. 2017-ல் வெளியானது. ஒரு பக்கம் 32, மறுபக்கம் 32. துளைவழிக்காரர்கள் ஆபரேஷனுக்குப்பின் இருந்தது 7 நாள், திறந்தவர்கள் 13 நாள். ரத்த இழப்பும் குறைவு. மேஜையில் நேரம் மட்டும் சற்றுக் கூடுதல். இரு பக்கமும் ஆளுக்கு ஒரு மரணம். உலகத்திலேயே இந்தக் கேள்விக்குக் குலுக்கல் முறையில் கிடைத்த முதல் பதில் கொங்கு நாட்டிலிருந்து வந்தது என்பதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை.

இரண்டே ஆண்டில் நெதர்லாந்திலிருந்து வேறு பதில் வந்தது. அங்கே பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வைப் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. துளைவழியில் 50 பேரில் 5 பேர் ஆபரேஷன் சிக்கலால் இறந்திருந்தார்கள். திறந்ததில் 49-ல் ஒருவர். அதில் பங்கெடுத்த சர்ஜன்கள் குறைந்தது 20 துளைவழி விப்பிள் முடித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2021-ல் சீனத்தின் 14 மருத்துவமனைகள், 656 நோயாளிகளோடு, அதே கேள்வியைக் கேட்டன. மரணத்தில் வித்தியாசமில்லை, 15 நாளுக்கு 16 நாள் என்று தங்கல் ஒரு நாள்தான் குறைந்தது. அங்கே சர்ஜனுக்கு வைத்த விதி குறைந்தது 104. என் கண்ணுக்கு, இந்த ஆய்வுகளில் முதலில் வாசிக்க வேண்டிய எண்கள் அந்த 20-ம் 104-ம்தான். துளையின் எண்ணிக்கையெல்லாம் அதற்கப்புறம்.

கணையத்தின் வாலில் கட்டி வந்தால் சமாசாரம் வேறு. வாலை வெட்டியபின் மறுபடி எதோடும் இணைக்க வேண்டியதில்லை. வெட்டிய முகத்தை மூடினால் போதும். அதற்குத் துளைவழி நல்லதென்று அதே நெதர்லாந்துக்காரர்களே காட்டினார்கள். நோயாளி எழுந்து நடமாட ஆறு நாளுக்குப் பதில் நாலு நாள். தைக்க வேண்டியது இல்லாத இடத்தில் துளை சுலபமாக ஜெயித்தது.

தைக்க வேண்டிய இடத்துக்காகத்தான் மூன்றாவது பிறப்பு. இத்தாலியின் குரோசெட்டோ என்ற சிறிய ஊர் மருத்துவமனையில் பியர் கிறிஸ்டோஃபோரோ ஜூலியானோட்டி 2001-ல் ரோபோ விப்பிள் செய்தார். ரோபோ என்றதும் இயந்திரம் தானே வெட்டுகிறது என்று இங்கே இன்னும் பலர் நினைக்கிறார்கள். சர்ஜன் அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்து, இரு பிடிகளை இயக்குவார். நோயாளி மேல் நிற்கும் கைகள் அப்படியே செய்யும். குச்சியின் முனையில் மணிக்கட்டு வந்துவிட்டது. கை நடுக்கம் வடிகட்டப்படும். அந்த 3 மில்லிமீட்டர் வாயைச் சுற்றி ஊசி எந்தக் கோணத்திலும் திரும்பும். இழந்தது தொடு உணர்வு. பெரும்பாலான ரோபோக்களில் நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கையால் உணர முடியாது, கண்ணால்தான் அளக்க வேண்டும். எந்த வழியில் செய்தாலும் எடுத்த பிண்டம் வெளியே வர நாலைந்து சென்டிமீட்டர் கீறல் ஒன்று போட்டே ஆகவேண்டும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ரோபோவுக்கும் இரண்டு பதில்கள், இரண்டும் 2024-ல். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வில் ஒட்டுமொத்தச் சிக்கல்களில் லாபமில்லை, இரைப்பை மந்தம் போன்ற தொந்தரவுகள் ரோபோ பக்கம் கூடுதல், செலவும் கூடுதல். சீன ஆய்வில், கற்கும் கட்டத்தைத் தாண்டிய சர்ஜன்கள் செய்தபோது, தங்கல் 13.5 நாளிலிருந்து 11-ஆகக் குறைந்தது. மறுபடியும் அதே கதை.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ வைத்தது. குருகிராமில் உள்நாட்டு ரோபோவே செய்கிறார்கள். விலை இறங்கும். இப்போதைக்கு, அரசுக் காப்பீட்டு அட்டையோடு வரும் குடும்பத்துக்கு விப்பிள் பட்டியலில் இருக்கிறது. ரோபோவின் மேல்செலவுதான் கேள்வி. வேலூரில் லாட்ஜ் எடுத்து, ஒருவர் ஆஸ்பத்திரியிலும் ஒருவர் அறையிலும் சமைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று நாள் குறைவதுகூடச் சின்ன விஷயமில்லை. வாடகை, சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த மாடு, போன கூலி. ஆனால் அந்த இரண்டு மூன்று நாளை வாங்க அதைவிடப் பெரிய தொகை கேட்டால் கணக்கு இடிக்கிறது. சர்ஜனிடம் “எந்த வழி?” என்று கேட்பதோடு, “உங்க டீம் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க சார்?” என்றும் கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நிறையச் செய்கிறவர்கள் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

பயாப்சி புற்று என்று வந்தால், எந்த வழியில் செய்திருந்தாலும், அடுத்தது ஆறு மாதக் கீமோ. கசிவில்லாமல் தேறியவர் இரண்டு மூன்று மாதத்துக்குள் அதைத் தொடங்கிவிடுவார். கசிந்து படுத்தவர் தள்ளிப்போடுவார், சிலர் தொடங்கவே மாட்டார்கள். இப்போதெல்லாம் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோவில் பாதியை முடித்துவிடுகிறார்கள்.